இறால் ராஜாவும் ஐஸ் லாரியும்

பணம் வந்து சேர்ந்தும் அதற்கேற்ற பெயர் இன்னும் வரவில்லையே என்று ஏங்குகிற ஓர் இனம் எங்கள் எக்வடோர் நாட்டுக் கடற்கரையில் உண்டு. கழுத்துச் சங்கிலி தெரியும்படி மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, யாரோ படம் எடுப்பதுபோலவே எப்போதும் நிற்பார்கள்.

இவர்களுக்கு 'தொன்' என்ற மரியாதைச் சொல் போதாது. அதைத் தலை நரைத்த எவருக்கும் போடுகிறோம். 'டாக்டர்' எங்கள் ஊரில் வக்கீல்களுக்குப் போய்விட்டது. 'தொழிலதிபர்' பத்திரிகைக்காரர்களின் சொல். ஆள் செத்தாலோ கைதானாலோதான் அச்சேறும். 'பெரிய கொக்கோ' என்பது கொக்கோ விற்றுப் பாரிஸில் குடியேறியவர்களுக்கு வைத்த பெயர். இன்று முதுகுக்குப் பின்னால் கேலியாக மட்டும் சொல்வது. மிச்சம் என்ன? 'ராஜா'தான். வாழை ராஜா, சிமெண்டு ராஜா.

போசோர்ஹாவில் மூன்று இறால் குட்டை வைத்திருக்கும் எவரிஸ்தோ கிமீக்கு அந்த ஆசை. பேதுரு திருநாளில் மைக் பிடிக்கும் வில்மருக்கு ஒரு வாரம் பீர் வாங்கிக் கொடுத்தார். பேதுருவின் சிலை ஊர்வலம் போகும் படகில் எவரிஸ்தோ கால் வைத்ததும், இறால் ராஜா ஏறிவிட்டார் என்று ஒலிபெருக்கி முழங்கியது.

கரையில் ரப்பர் செருப்போடு நண்டு சூப் குடித்துக்கொண்டிருந்த பாக்கிதோவும் கேட்டார். கண்ணுக்கெட்டிய வரை குட்டைகளும், இறாலை உறைய வைக்கும் ஆலையும் அவருடையவை. நிஜப் பணக்காரரை ஊர் செல்லப்பெயரால்தான் கூப்பிடும். சின்னப் பண்ணைக்காரர்களின் அறுவடைக்கு அவர்தான் ஐஸ் லாரி அனுப்புவார். மறுநாள் விடியலில் எவரிஸ்தோவின் அறுவடை. லாரி இல்லையென்றால் மதியத்துக்குள் அத்தனை இறாலும் நாறிவிடும்.

ஊர்வலம் முடிந்து படகிலிருந்து இறங்கிய எவரிஸ்தோவிடம் பாக்கிதோ கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாளைக்கு லாரிய வேற ஆளுக்கு அனுப்புறேன்ப்பா. ராஜாகிட்ட சொந்த லாரி இல்லாமலா போகும்?"

"ஐயோ பாக்கிதோ, அந்த வில்மர் குடிச்சிட்டு உளறுறான்."

"அப்ப அதையும் மைக்குலயே சொல்லிரு."

வேறு வழி? சொன்னார். "நான் ராஜா இல்லீங்க. மூணு குட்டைக்காரன். லாரியும் கிடையாது." கரையே கைதட்டியது. ராஜாவுக்கு அவ்வளவு தட்டவில்லை.

விடியலில் லாரி வந்தது. இறாலை ஏற்றும்போது எவரிஸ்தோ டிரைவரின் காதருகே குனிந்தார்.

"ஏம்ப்பா, என்னைய 'கமாண்டர்'னு கூப்பிட்டா லாரிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கார் நிறுத்த இடம் காட்டிய ஆள் உங்களை 'முதலாளி' என்றதும், இறங்குமுன் கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டீர்களே, அது எதற்கு?