மறுபடியும் வீடு வந்த மாத்திரைகள்

அன்பு மகளுக்கு அப்பா தன் கைப்பட எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆனாலும் யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை பார்.

மருந்துகளைப் பத்திரப்படுத்தினால்தான் பேத்தியை விடுமுறைக்கு அனுப்புவேன் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். போன விடுமுறையில் அவள் என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மிட்டாய் என்று வாயருகே கொண்டுபோனதை நானும் மறக்கவில்லை. அதனால் உன் கடிதம் வந்த அன்றே மருந்து போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னைக் கட்டிலில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையிலும் தேதியைத் தேடிப் படித்தேன். இத்தனை காலம் நிறத்தைப் பார்த்தே விழுங்கியவன் அல்லவா, படித்த பிறகுதான் பயம் வந்தது. பாதிக்கு மேல் காலாவதி. உன் அம்மாவின் இருமல் மருந்து உன் கல்யாணத்துக்கு மூத்தது.

அதையெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் குப்பை அள்ளும் அம்மா கதவைத் தட்டினார். "ஐயா, மருந்தக் காணோம்னு தேடிக்கிட்டிருப்பீங்களேன்னு ஓடி வந்தேன்." நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, தெருமுனைத் தொட்டியில் போட்டேன். சாயங்காலம் தையற்காரர் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்து, "இந்த வயசுல இவ்வளவு மறதி ஆகாது" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார். பை என்னுடையதென்று ஊருக்கே எப்படித் தெரிகிறது என்று நான் வியக்க, உன் அம்மா பையைத் திருப்பிக் காட்டினாள். என் பெயரும் கதவு எண்ணும், என் கையெழுத்தில்! இந்த வயதில் எழுதக் கற்றதிலிருந்து குடை, செருப்பு, தலையணை எதையும் நான் விட்டுவைக்கவில்லை. "இனி என் நெத்திதான் பாக்கி" என்றாள்.

கழிப்பறையில் கொட்டிவிடலாமா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "ஐயோ பெரியவரே, அது எல்லாரும் குடிக்கிற தண்ணியிலதான் போய்ச் சேரும். குப்பையில போட்டா நாயோ குழந்தையோ எடுத்துத் தின்னும். பழைய மருந்துக்குன்னே இங்க ஒரு பெட்டி வச்சிருக்கோம், இதுல போடுங்க. பேரை மட்டும் அடிச்சிருங்க" என்றார். என் பெயரை நானே அடிக்கக் கை வரவில்லை. அவர்தான் அடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மிச்ச மருந்துகளை அதனதன் பெட்டியிலேயே வைத்து, அடுப்பு வெக்கை படாத படுக்கையறை அலமாரியில் பூட்டிவிட்டேன். இனி நீ தைரியமாக அனுப்பலாம்.

மருமகனுக்கு என் அன்பு. பேத்திக்கு முத்தம். எல்லோரும் மருந்தின் முகமே பாராமல் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
அப்பா (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: சாவி இருக்கும் இடம் எங்களுக்கு மறந்துவிடக் கூடாதே என்று, 'சாவி மெத்தைக்கு அடியில்' என்று பெரிதாக எழுதி அலமாரிக் கதவிலேயே ஒட்டியிருக்கிறேன். பேத்தி கடைப் பலகைகளையெல்லாம் வாசிக்கிறாள் என்று நீ எழுதியிருந்ததை இப்போதுதான் மறுபடி படித்தேன். உன் அம்மா கிழிக்கச் சொல்கிறாள். நான் எழுதியதிலேயே அதுதான் மிக அழகாக வந்திருக்கிறது. பேத்தியை வாசலில் நிறுத்திவிட்டு, முதலில் நீ வந்து கிழித்துவிடு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.