தோலுக்கடியில் ஒரு சுண்டெலி

பயில்வான்களைப் பார்த்து எலி என்று சொல்லிவிட்டு உதை வாங்காமல் வீடு திரும்பிய ஒரே மனிதர், நான் அறிந்தவரை, செல்லூர் எலி மாஸ்டர்தான்.

விசைத்தறிக் கூடத்தின் மாடியில் அவருடைய ஜிம். கீழே தறி ஓடினால் மேலே டம்பெல் தானாக நகரும். சர்க்கரைக்குப் பயந்து நான் அங்கே சேர்ந்த அன்று, என் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தூங்குதுண்ணே" என்றார். எது என்று கேட்டேன்.

"எலி."

மஸில் என்கிற இங்கிலீஷ் வார்த்தை லத்தீனிலிருந்து வந்ததாம்; அங்கே அதற்குச் சுண்டெலி என்று அர்த்தமாம். கையை மடக்கி நீட்டும்போது தோலுக்கடியில் சுண்டெலி ஓடுவதுபோல ரோமாபுரிக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கோ படித்த இந்தச் சங்கதி மாஸ்டருக்கு வேதவாக்காகிவிட்டது. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்களிடம், எலிக்குத் தீனி போட்டாயா என்று விசாரிப்பார். மஸில் பவர் என்று மீசையை முறுக்கிய ஒரு கட்சிக்காரரிடம், அது எலியின் பலம்தானே என்று பணிவாகக் கேட்டு, அவரை யோசிக்க வைத்தே அனுப்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாம் கெண்டைக்கால் என்கிறோமே, அது மீன் அல்லவா என்று ஒருநாள் மடக்கினேன். அன்று முழுக்க மாஸ்டர் யாருக்கும் பயிற்சி தரவில்லை. மறுநாள் என்னைத் தேடி வந்தார்.

"அவன் வீட்டுல எலி ஓடிருக்கு, நமக்கு வைகையில கெண்டை ஓடிருக்கு. அவனவன் பாத்ததத்தானண்ணே சொல்லுவான், அம்புட்டுத்தான்." கொஞ்சம் யோசித்து, "இப்ப வைகையிலயும் எலிதான் ஓடுது" என்று முடித்தார்.

போன வருஷம் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தலையணை மாதிரி கிடந்தது. எழுதிப் பிழைக்கிறவன் நான். இனி எழுதவே முடியாதோ என்ற பயம் என்னைத் தின்றது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை ஒழுங்காகச் செய்ய வைக்க, மாஸ்டர் தினமும் காலையில் வந்து உட்கார்ந்தார். கையோடு ஒரு சுட்ட தேங்காய்ச் சில்லு. எலிப்பொறியில் வைப்பதுபோல அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புஜத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர் இப்படிக் கிடக்கும்போது இந்த ஆளுக்கு என்ன விளையாட்டு என்று என் மனைவி பொருமினாள். பார்க்க வந்த மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவர் ஒருவர்தான் கையைப் பார்த்தார். அந்தக் கூத்துக்காகவே நான் விடியலுக்குக் காத்திருந்தேன்.

ஒரு காலையில் புஜத்தில் லேசாக ஏதோ அசைந்தது. பிரமையோ என்று மாஸ்டரைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பொத்திவிட்டார்.

"சத்தம் போடாதீங்கண்ணே" என்று கிசுகிசுத்தார். "ஓடிரும்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்ன அங்கே என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். அவரைக் கட்டிக்கொள்ள எனக்கு அப்போது ஒரு கைதான் இருந்தது. விட மனமில்லாமல் அந்த ஒரு கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.