அத்தான் வண்டியின் தீப்பொறி விவகாரம்

என்றும் என் வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நீ, மகள், மருமகன், பேத்தி எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் வலது முழங்கால், ஷெட்டின் ஜன்னல் கண்ணாடி, பக்கத்து வீட்டுப் பல் மருத்துவரோடு இருந்த நட்பு, இவை மட்டும் நலமில்லை. எல்லாவற்றுக்கும் அத்தான் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள்தான் காரணம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் அழுவாய், உன்னைச் சமாதானப்படுத்தப் போய் நானும் அழுவேன், கடைசியில் இரண்டு பேரும் மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

அத்தான் காரியமெல்லாம் முடிந்து நீ மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, வண்டியை எங்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டு என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “ஓட வெச்சுடுடா. அவர் போனதும் அதுவும் நின்னுபோச்சுன்னு இருக்கக் கூடாது.” நானும் உடனே தலையாட்டினேன். துக்க வீட்டில் தலையாட்டுவது மிகச் சுலபம், அதற்குப் பிறகுதான் கஷ்டம். எடை அளவுத் துறையில் ஊர்த் தராசுகளையெல்லாம் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். குண்டுமணி எடை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று கடைக்காரர்கள் என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார்கள். ஒற்றை சிலிண்டர் பிரிட்டிஷ் வண்டி ஒன்று என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். என்னவெல்லாம் செய்யும் என்று இப்போது தெரியும்.

சிக்கல் என்னவென்றால், சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். அந்தச் ‘சற்று’தான் டைமிங். தீப்பொறி முந்திவிட்டால் இன்ஜின் பின்பக்கமாகச் சுழன்று மிதிக்கிறவனை உதைக்கும். பிந்திவிட்டால் வண்டி இழுக்காது, சூடேறி முக்கும். கையேட்டில் இதை அரைப் பக்கத்தில் அழகாக எழுதிவிட்டார்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டு, பிஸ்டன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். மின்சாரம் தருகிற மேக்னெட்டோவில் இரண்டு சின்ன முனைகள் இருக்கும், அவை விலகும்போதுதான் பொறி விழும். நடுவில் மெல்லிய தாளை வைத்து, அது நழுவும் இடத்தில் பல்சக்கரத்தின் மரையை இறுக்க வேண்டும். சொல்லும்போது இரண்டு நிமிட வேலை. செய்யும்போது, மரையை இறுக்குகிற அந்தக் கடைசித் திருகலில் பல்சக்கரம் மயிரிழை அளவு சேர்ந்து திரும்பிவிடும், தாள் முன்னாலேயே நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. என் வாழ்நாளில் எந்தக் கடைக்காரனும் என்னை இவ்வளவு நேக்காக ஏமாற்றியதில்லை.

ஒருவழியாக இறுக்கிவிட்டேன் என்று நம்பி முதல் தடவை மிதித்தேன். உதைப்பது நான், உதை வாங்குவது வண்டி என்ற எண்ணத்தில்தான் மிதித்தேன். கிக்கர் திரும்பி அடித்ததில் ஷெட்டுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்தேன். உன் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். “ஸ்டார்ட் ஆயிடுச்சா?” என்றாள். “நான் ஆயிட்டேன், வண்டிதான் ஆகல” என்றேன். முழங்கால் அன்று வீங்கியது, இன்னும் படிக்கட்டைக் கண்டால் யோசிக்கிறது.

அடுத்த முயற்சியில் கிக்கர் உதைக்கவில்லை, புகைக்குழாய் வெடித்தது. வெடித்தது என்றால் சும்மா ‘டப்’ இல்லை அக்கா, ஜன்னல் கண்ணாடி ஒன்று கீழே விழுந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் பல் மருத்துவருடைய கிளினிக் அறை. கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் ஓடி வந்தார், பின்னாலேயே வாய் நிறையப் பஞ்சோடு ஒரு நோயாளி.

“சார், கையில ஊசியோட நிக்கிறேன், நீங்க குண்டு போடறீங்க! நல்லவேளை, நாக்கு தப்பிச்சுது!”

நோயாளி என்னைப் பார்த்து ஆவேசமாக “ஆவ்... ஊஃப்... ஆவ்” என்றார்.

“இவர் என்ன சொல்றார் டாக்டர்?”

“உங்களைத்தான் சொல்றார். நான் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன், எனக்கு மரியாதை இருக்கு.”

அதோடு இனி நாமாகக் கை வைக்க வேண்டாம் என்று ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். அவருக்குப் பட்டப்பெயர் ‘சைலன்சர்’. எதற்காக வைத்தார்கள் என்று தெரியவில்லை, வாய் ஒரு நொடி மூடாது. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், தொட்டார். “சார், இதுல கம்ப்யூட்டரே இல்லியே, நான் வயரை எங்க சொருகறது?” என்றார். பிறகு எதையோ திருகி, காதை வைத்துக் கேட்டு, “இப்ப பாருங்க” என்றார். வண்டி கிளம்பியது. உண்மையாகவே கிளம்பியது! தெருமுனை வரை போனேன். என்னைத் தாண்டி ஒரு தபால்காரர் சைக்கிளில் போனார், திரும்பிப் பார்த்து “தள்ளிவிடவா?” என்று கேட்டார். அந்த மனிதர் தீப்பொறியைப் பிந்தவைத்திருக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் புகைக்குழாய் தணலாகச் சிவந்து என் செருப்பு அதில் ஒட்டிக்கொண்டது. ஒரு செருப்போடு ஓட்டிக்கொண்டு வந்த என்னை மாடியில் நின்று பல் மருத்துவர் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இனி சொல்லப்போவது சரியான சங்கதி. கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறதே, ஓட்டுகிறவர் தீப்பொறியை முந்தவும் பிந்தவும் செய்வதற்காக? முழுக்க முந்தும் நிலையில் அதை வைத்துக்கொண்டுதான் டைமிங்கை அளக்க வேண்டும். போன வாரம், கை போதாமல், அதைப் பிடித்துக்கொள்ள என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வண்டிக்கு எதிரே என்னைப் பார்த்தபடி நின்றாள்.

“முன்னாடி தள்ளு” என்றேன்.

“யாருக்கு முன்னாடி? உங்களுக்கா, எனக்கா?”

“வண்டிக்கு முன்னாடி!”

“வண்டியோட மூஞ்சி என்னைப் பாத்துல்ல இருக்கு!”

“எதையாவது ஒண்ணைப் பண்ணித் தொலை!”

கோபத்தில் அவள் நான் சொன்னதற்கு நேர் எதிராகத் தள்ளிவிட்டாள். கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். அந்த முனையில் வைத்தபோதுதான் தாள் சீக்கிரம் நழுவியது. நெம்புகோலோடு சேர்ந்த கேபிள் இழுபட்டால் பொறி முந்தும் என்று நான் நினைத்திருந்தேன், பல வண்டிகளில் அப்படித்தானாம். இந்த வண்டியில் இழுபட்டால் பிந்துகிறது. இத்தனை நாள் நான் எல்லாவற்றையும் தலைகீழாக அளந்திருக்கிறேன். சாமானைப் படிக்கல் தட்டில் வைத்து நிறுத்த மாதிரி. திரும்ப அளந்து, இறுக்கி, நெம்புகோலைச் சரியான பக்கம் வைத்து மிதித்தேன். ஒரே மிதி. டுப், டுப், டுப் என்று நிதானமாக ஓட ஆரம்பித்தது.

வண்டி சரியாகிவிட்டது அக்கா. அதுதான் இப்போது பிரச்சினை.

அது அத்தான் வரும் சத்தம். இரண்டு டுப்புக்கு நடுவில் ஒரு இடைவெளி விடுமே, நின்றுவிட்டதோ என்று நாம் நினைக்கும்போது அடுத்தது வருமே, அதேதான். உன் தம்பி பெண்டாட்டி கைதட்டிவிட்டு உள்ளே போனாள். நான் கை கழுவப் போனபோது அடுப்படி மேடையில் டீக்கு மூன்று கோப்பை எடுத்து வைத்திருந்தாள். மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசலில் எங்கள் கிழட்டு நாய், எழுந்து நிற்கவே யோசிக்கிற நாய், கேட்டருகே போய் வாலாட்டிக்கொண்டு நின்றது. வண்டியை அணைத்த பிறகும் அது உள்ளே வரவில்லை. இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புகை கண்ணில் பட்டதால் நானும் கொஞ்ச நேரம் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. வண்டி ஓடாமல் இருந்தவரை அத்தான் இல்லை என்பது மட்டும்தான் இருந்தது. ஓடுகிற வண்டி, வருகிறார் வருகிறார் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறது. என்னால் முடியவில்லை அக்கா. கடைத்தெருவில் புதிதாக உணவகம் திறக்கிற ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். “முன்பாதி போதும் சார், அறுத்து சுவத்துல மாட்டிடுவேன், சுவத்தை உடைச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும்” என்றார். பின்பாதி என்ன ஆகும் என்று கேட்டேன். “அது கிச்சன் பக்கம்” என்றார். ஆனாலும் அளவெடுக்க இன்று மாலை வரச் சொல்லியிருக்கிறேன். நீ கோபப்பட்டாலும் சரி, அறுப்பதற்கு முன் உன் சம்மதம் வேண்டும்.

உன் முட்டிவலித் தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள். பேத்திக்கு என் ஆசிகள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. உன் காலைத் தொட்டு வணங்கும்,

தம்பி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் தம்பி பெண்டாட்டி படித்துவிட்டாள். படித்துவிட்டு, “ஆமா, நானும் நாயும் ஏமாந்துதான் போனோம். அதனால என்ன? ஏமாந்த அந்த ஒரு நிமிஷம் நல்லாத்தானே இருந்துச்சு. உங்க அக்காவுக்கும் அந்த ஒரு நிமிஷம் வேணும்ல? அதை அறுத்து மாட்டச் சொல்ல நீங்க யாரு?” என்றாள். உணவகக்காரர் அளவு நாடாவோடு வந்தார். அவள்தான் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள், நான் ஷெட்டில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இதை உன் கையில் கொடுத்திருப்பவள் பின்னால் உட்கார்ந்து வந்தவள். நான் உள்ளே வராமல் உன் மகள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வண்டி மேல் இருக்கிறேன். இன்ஜினை அணைக்கவில்லை. நீ படித்து முடித்து, போதும் என்று தோன்றும்போது ஜன்னலிலிருந்து கையைக் காட்டு. அதுவரை ஓடட்டும்.