தோன்றா எழுவாய்

"டிவி நியூஸ்ல எல்லாம் பொய்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். என்னை வைத்தும் ஒரு செய்தி வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் என் வாயிலிருந்து வந்ததுதான், ஒன்றைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அப்படியும் என் மானம் கப்பலேறியது.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் இன்னொரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை (வீட்டில் கண்ணாடி தேவைப்படுவதில்லை). ஏழெட்டு வருஷங்களுக்கு முன் எங்கேயோ குடிநீர்க் குழாய் உடைந்து அதில் சாக்கடை கலந்துவிட்டது. குழாயைத் திறந்தால் கறுப்பாகக் கொட்டும். தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. எதிர்வீட்டு ராதம்மாவின் சின்ன மகளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். புகார் சொன்னோம், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுபடி சொன்னோம், மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"டிவில வந்தாதான் வேல நடக்கும்" என்றார் வீட்டுக்காரர். ராதம்மா யாரையோ பிடித்து ஒரு நிருபரை வரவழைத்தார். தெரு சார்பில் பேச என்னை முன்னால் தள்ளினார்கள். தள்ளாவிட்டாலும் நான் போயிருப்பேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன் (சாக்கடையைப் பற்றிப் பேசுவதற்கு). ராதம்மா தன் பங்குக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டார்.

நிருபர் மைக்கை நீட்டி, "தண்ணி எப்படிம்மா வருது?" என்று கேட்டார். நான் பொரிந்து தள்ளினேன்.

"கறுப்பா வருது சார். எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மொதல்ல புர்ருனு ஒரு சத்தம் கேக்கும், அப்புறந்தான் வரும். நாத்தம் தெருமுனை வரைக்கும் அடிக்குது. புள்ளைங்கள பக்கத்துல விடவே பயமா இருக்குது. எங்க வீட்டுக்காரரு தெனமும் பக்கெட்ட தூக்கிக்கிட்டு ஓடுறாரு சார்."

கடைசி வரியில் அழுகையும் தானாக வந்துவிட்டது. நிருபர் "சூப்பர்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலத்து அண்ணனுக்கு, கம்பெனி சூப்பர்வைசருக்கு, சர்ச் பாஸ்டருக்கு எல்லாம் போன் போட்டேன். சாயங்காலம் தெருவே எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தது.

செய்தி தொடங்கியது. ஒரு யானைக்கூட்டம் ராகிக்காட்டை மிதித்துக்கொண்டு போனது (அறுவடைச் சமயத்தில் கர்நாடக எல்லை தாண்டி அவை வருவது எங்கள் பக்கம் வழக்கம்தான்). "ஓசூர் அருகே யானைகள் அட்டகாசம்: பெண் கண்ணீர்" என்று கீழே எழுத்து ஓடியது. பாவம், யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன். அடுத்த காட்சியில் பட்டுப்புடவையோடு நான் நின்றேன்.

"கறுப்பா வருது சார்" என்றேன். பின்னால் ஒரு யானை பிளிறியது. "மொதல்ல புர்ருனு ஒரு சத்தம் கேக்கும்" என்றேன். துதிக்கையை நெருக்கத்தில் காட்டினார்கள். வீட்டுக்காரர் பக்கெட்டோடு ஓடும் கட்டம் வந்தபோது ஹாலில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் லுங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனுகா? எக்கட?" என்று ராதம்மா அதிர்ச்சியில் தெலுங்குக்குத் தாவி யானையைத் தேடினார். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனிஃபர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ பேசுனதுல எழுவாயே இல்லமா. எல்லாம் தோன்றா எழுவாய். அவங்க அதுல யானைய போட்டுட்டாங்க."

உண்மைதான். தண்ணீர் என்ற சொல் கேள்வியில்தான் இருந்தது. கேள்வியை வெட்டிவிடுவார்கள் என்று நான் கண்டேனா?

அண்ணன் கூப்பிட்டு, "கதவ சாத்திக்கிட்டு உள்ளயே இரு" என்றார். பாஸ்டர் போனிலேயே ஜெபம் செய்தார். நான் நிருபரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு வீடியோவும் ஒண்ணா அனுப்பிட்டேன்மா, சென்னைல மாத்தி ஒட்டிட்டாங்க. ஆனா செம்மையா போவுதும்மா. யானைக்கு இருக்கற மவுசு தண்ணிக்கு இல்ல" என்றார். திருத்திப் போடச் சொன்னேன். "பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

அதுவரை அவமானமாக இருந்தது அப்போது கோபமாக மாறியது. என்னைக் கேலிப்பொருள் ஆக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ராதம்மாவின் மகள் மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது செய்தி இல்லையாம்.

மறுநாள் மத்தியானம் வனத்துறை ஜீப் தெருவுக்குள் வந்தது. பட்டாசும் கையுமாக நான்கு பேர் இறங்கினார்கள்.

"எங்கம்மா வந்துச்சு?" என்றார் அவர்களில் பெரியவர்.

"இங்கதான் சார். வாங்க, காட்டுறேன்" என்று குழாயடிக்குக் கூட்டிப் போனேன். ஜெனிஃபரிடம் போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். என் நல்ல நேரம், அப்போது பார்த்துத் தண்ணீர் விட்டார்கள். குழாய் புர்ரென்று உறுமி, அவருடைய பூட்ஸ் மேலேயே கறுப்பாகக் கொட்டியது.

இந்த முறை நான் எழுவாயை விடவே இல்லை. "இது தண்ணி சார். இந்தத் தண்ணி கறுப்பா வருது. இந்தத் தண்ணியத்தான் எங்க புள்ளைங்க குடிக்குதுங்க."

அவர் குனிந்து முகர்ந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "காட்டு யானகூட இத குடிக்காதும்மா" என்றார்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வீடியோ போன் போனாகத் தாவி, எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி தாண்டிக் கன்னடத்திலும் பரவியது. பிறகுதான் சேனல்கள் ஓடிவந்தன. அந்த வாரமே ரோட்டைத் தோண்டிக் குழாயை மாற்றினார்கள். என்னை யானையோடு ஒட்டிய சேனல் "நமது செய்தி எதிரொலி" என்று என் பட்டுப்புடவை முகத்தையே போட்டு மார்தட்டிக்கொண்டது. எதிரொலி யாருடையது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். ராதம்மாவின் மகள் பள்ளிக்கூடம் போன அன்று நான் பட்ட பெருமைக்கு அளவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன். இன்றும் செய்தி பார்க்கிறேன். யாராவது அழுதுகொண்டே "வருது" என்றால், எது வருகிறது என்று விசாரித்த பிறகுதான் நம்புகிறேன்.

போன வருஷம் ஜெனிஃபரைப் பெண் பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

"யான வந்த அம்மாதானே நீங்க? இப்பவும் வருதுங்களா?"

ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அதே குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து நீட்டினேன்.

"தெனமும் வருதுங்க. குடிச்சுப் பாருங்க."

அவர் முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் நான் ஸ்டெல்லா. மற்றபடி அந்த வீட்டில் இன்றுவரை எனக்கு யானைச் சம்பந்தி என்றுதான் பெயர்.