சுரண்டி பாயும் நாற்பது ஹெல்மெட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எழுத்துப் போட்ட பனியனோடு இறங்கிய எவனும் சுரண்டி பாயின் நகத்துக்குத் தப்பி வீடு போய்ச் சேர்ந்ததில்லை. தளியிலிருந்து பூக்கூடையோடு வருகிறவனாகட்டும், பர்கூர் கல்குவாரிக்காரனாகட்டும், பாய் நேராகப் போய் அவன் நெஞ்சில் ஒட்டியிருக்கும் எழுத்தின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பார்ப்பார். ஓரம் கிளம்பினால் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகம். கிளம்பவில்லை என்றால், எவன் ஒட்டினானோ என்ற பொறாமையில் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை கர்நாடகா லாரி டிரைவர் ஒருத்தர் அவர் கையைப் பிடித்து முறுக்கி, என்ன பண்றே என்று கன்னடத்தில் கத்தினார்.

"ஏய், ஏன் மாட்தியா?"

பாய் அசரவில்லை. "பிசி சாலதப்பா, பிசி!" என்று கன்னடத்திலேயே வைத்தியம் சொன்னார். ஒட்டும்போது சூடு பத்தலையாம். கால் மணி நேரத்தில் அந்த டிரைவர் பாயின் கடையில் வெற்றுடம்போடு உட்கார்ந்து, தன் பனியனுக்கு வைத்தியம் முடியக் காத்திருந்தார்.

கடை பாகலூர் ரோட்டில். ரெக்சின் மாதிரி வழவழவென்று இருக்கும் படத்தைத் துணிமேல் வைத்துச் சூட்டில் அமுக்கி ஒட்டுகிற மிஷின் ஒன்றுதான் சொத்து. பெங்களூரில் எவனோ வேண்டாமென்று தள்ளியது. சூடு காட்டும் முள் ஒரே இடத்தில் செத்துக் கிடக்கும். தகட்டில் தண்ணீரைத் தெளித்து, 'சுர்' என்கிற சத்தத்தை வைத்தே பாய் சூடு சொல்வார். நேரத்தைக் கணக்குப் பார்க்க டீ. மிஷினை அமுக்கியதும் ஒரு மடக்கு, அது இறங்கியதும் இன்னொரு மடக்கு, உடனே தூக்கிவிட வேண்டும்.

"ஒரு கடியாரம் வாங்கி மாட்டலாமே பாய்?"

"கடியாரம் நின்னு போவும்டா. தொண்டை நிக்குமா?"

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இரண்டாங் கிளாஸ் வரை போனவன், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு. அப்புறம் கம்பெனி கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டேன். ஒரு சூப்பர்வைசரின் பேண்ட்டில், அவர் உட்காரும் இடத்தில், இஸ்திரிப் பெட்டியின் உருவத்தை அப்படியே பதித்துக் கொடுத்தேன். அதோடு வண்டி மூடப்பட்டது. "சூடுன்னா இன்னான்னு பட்டுத் தெரிஞ்சவன்" என்று பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். கரிப்பொட்டி என்று பெயரும் வைத்தார். எனக்கு எழுத்து நேராக இருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் ஒன்றுதான் என்பதால், ஒரு கபடி டீமுக்கே பெயரைத் தலைகீழாக ஒட்டினேன். கேப்டன் அடிக்க வந்தான். "அதுவா தம்பி, எதிராளி கீழ விழுந்து கெடக்கும்போது அவனுக்கு நேரா தெரியணும்ல?" என்று பாய் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தூரத்து உறவில் மாமா, சூளகிரிக்காரர், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். என் பேண்ட் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. மஞ்சள் ஹெல்மெட் படம் ஒட்டிய நாற்பது வெள்ளைச் சட்டை வேண்டுமென்று கடைக்கே வந்தார்.

"ஏம்பா, இது உன் கையால நடக்கட்டும். வேலை எப்பிடின்னு பாத்துட்டுதான் பொண்ணு விஷயம் பேசுவேன்" என்றார்.

அது ரம்ஜான் மாதம். பாய்க்கு நோன்பு. பகலில் டீ குடிக்க முடியாது. டீ இல்லையென்றால் மிஷினுக்கு நேரம் இல்லை. பாய் யோசித்து, "கரிப்பொட்டி, எனக்குப் பதிலா நீ குடி" என்றார். நோன்பு வைத்தவர் முகத்துக்கு நேரே உறிஞ்சக் கூச்சமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, நாற்பது சட்டைக்கு எண்பது மடக்கு குடித்தேன். சத்தியமாக ஒரு மடக்கைக்கூட ஏமாற்றவில்லை.

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள் காலை கம்பெனி மைதானத்தில் நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். நானும் பாயும் கேட் ஓரமாக வேடிக்கை பார்த்தோம். மாமா மைக்கில் உறுதிமொழி வாசித்தார். நாற்பது கைகள் விறைப்பாக முன்னே நீண்டன. சட்டைகள் இழுபட்டன. நாற்பது ஹெல்மெட்டும் ஓரம் சுருண்டு, மடங்கி, ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. "தலைக்கவசத்தை எந்நேரமும் கழற்ற மாட்டேன்" என்ற வரியில் மாமா நின்றுவிட்டார்.

பாய் ஓடிப்போய் ஒருவன் நெஞ்சைச் சுரண்டினார். பிறகு ஒரு சட்டையைக் கழற்றச் சொல்லி, என்னை வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எத்தினி மடக்கு குடிச்ச?"

"ரெண்டு ரெண்டுதான் பாய்."

சட்டையை மோந்து பார்த்தார். நாக்கில் வைக்கப் போனவர், நோன்பு நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "நீ நக்கிப் பாரு."

நக்கினேன். ருசி எனக்கு நன்றாகத் தெரிந்த ருசி.

"கஞ்சி பாய்."

"எவன் போட்டான்?"

நான்தான். மாமா மெச்சட்டும் என்று, ஒட்டுவதற்கு முந்தின நாளே நாற்பது சட்டையையும் கெட்டிக் கஞ்சியில் முக்கி, வெயிலில் காயப்போட்டு, அட்டை மாதிரி தேய்த்து வைத்தேன். இஸ்திரிக்காரப் புத்தி. படம் துணியில் ஒட்டாமல் கஞ்சிமேல் ஒட்டியிருக்கிறது. இது எனக்குத் தெரியாது.

"நோன்பு மாசத்துல ஊருக்கே கஞ்சி ஊத்தலாம்டா. சட்டைக்கு ஊத்தலாமா?"

அதற்குள் மாமா வந்துவிட்டார். கையில் இரண்டு மஞ்சள் ஹெல்மெட். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பாய், உள்ளதச் சொல்லு. தப்பு யாருது? இவன்தானே?"

எனக்குக் கல்யாணப் பந்தல் பிரிக்கிற சத்தமே காதில் கேட்டது. பாய் அந்தச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சூடு பத்தலிங்க. மிஷின் என்னுது, தப்பும் என்னுது. பையன் நேத்தே சொன்னான், நான்தான் கேக்கல."

கர்நாடகாவிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஊரான் வேலையை எல்லாம் சுரண்டி, சூடு பத்தலை என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய மனுஷன். தன் மிஷினைப் பார்த்து அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாற்பது சட்டையையும் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்தேன். பாய் புதிதாகப் படம் வெட்டினார். சாயங்காலம் நோன்பு திறந்ததும் அவரே மிஷினில் நின்றார். எண்பது மடக்கும் அவரே குடித்தார். என் தொண்டைமேல் நம்பிக்கை போய்விட்டது போல. வாரத்தின் கடைசி நாள் வரை ஒரு ஹெல்மெட்கூட அசையவில்லை. "தப்ப முன்னாலயே கண்டுபுடிச்ச பையனாச்சே" என்று மாமா சம்மதித்தார். என் வீட்டுக்காரிக்குக் கஞ்சி விஷயம், நான் வாயால் சொல்லி எழுதவைத்த இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

சூளகிரியில் கல்யாணம். பாய் அத்தர் மணக்க மேடை ஏறினார். கையைக் குலுக்கினார். அப்புறம் எல்லார் முன்னாலும் என் பட்டுச் சட்டையில், பாக்கெட்டுக்கு மேலே, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார்.

"வெறும் சட்டை பாய். அதுல ஒண்ணும் ஒட்டல."

"தெரியும்டா கரிப்பொட்டி. கை சும்மா இருக்கல."

பாய் போய்ப் பல வருஷமாகிறது. இன்றைக்கும் புதுச் சட்டை போட்டால், பாக்கெட்டுக்கு மேலே அந்த நகம் வரட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறேன்.