தலைவர் நீக்கப்பட்டதற்கான காரணம்

மக்களாட்சி ஏதென்ஸ் நகரில் பிறந்தது என்று பாடநூல்கள் கூறுகின்றன. பிறந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வளர்ந்து, மீசை முளைத்து, உலகுக்கு அறிவுரை கூறும் தகுதியைப் பெற்றது பெங்களூர் ஆஸ்டின் டவுனில், 'காவேரி கிருபா' என்னும் நான்கு மாடி அடுக்ககத்தில்தான் என்பதை நடுநிலையாளர் எவரும் ஒப்புக்கொள்வர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் மார்கழியில், அமெரிக்கப் பெருநாடு தன் அதிபரை எதற்காகக் குற்றஞ்சாட்டுகிறோம் என்று தனக்கே தெளிவில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, காவேரி கிருபா குடியிருப்போர் நலச் சங்கம் தன் தலைவரை ஒருமனதாக நீக்கிக் காட்டியது.

நீக்கப்பட்ட பெருமகனார் சீனிவாசராகவன். கர்நாடக அரசின் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத் தலைவருக்கு அங்கே ஒரேயோர் அதிகாரந்தான் உண்டு. ஒன்றுவிட்டொரு நாள் காலையில் நிலத்தடித் தொட்டியில் குழாய்த்தண்ணீர் வந்து நிறையும். அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டிச் சாவி அவருடைய பூணூலில் தொங்கும். மன்னர்க்குச் செங்கோல் எப்படியோ, அவருக்கு அச்சாவி அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மோட்டாரை இயக்கிவிட்டு, முதல் மாடியில் குடியிருக்கும் ஜூடித் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றார். கேபிள் இணைப்பு அங்கேதான் இருந்தது. அமெரிக்க அதிபர்மீதான விவாதத்தைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது.

"இத்தனை பெரிய பதவியிலே இருக்கறவர், கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா, ஜூடித்?" என்று அவர் வருந்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கீழே தொட்டி வற்றி, மோட்டார் வெறுங்காற்றைக் குடித்து எரிந்துகொண்டிருந்தது.

படியிறங்கி வந்தவரை நான்காம் மாடி வனஜா எதிர்கொண்டாள். ஈரோட்டிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் ராஜேஷ்குமாரின் மனைவி அவள்.

"ஏனுங் சார், மோட்டார ஆஃப் பண்ணிப்போட்டீங்ளா?"

"ஓ! அப்பவே பண்ணியாச்சேம்மா."

அவருடைய முதுகுக்குப் பின்னால், படிக்கட்டின் சாளரத்தை ஒட்டி, கரும்புகை மேல்நோக்கிச் சென்றது. வனஜா அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு கூடியது. பதவியில் இருப்பவரைக் குற்றஞ்சாட்டி விசாரிப்பதைக் குறிக்கும் 'இம்பீச்மென்ட்' என்னும் சொல்லை எல்லோரும் அந்த வாரந்தான் கற்றிருந்தமையால் அதைப் பயன்படுத்தாமல் விட மனம் வரவில்லை. காபி ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறியது. சீனிவாசராகவனே கை தூக்கினார். தமக்கும் ஒரு வாக்கு உண்டென்பதை அவர் மறக்கவில்லை.

இத்துடன் கூட்டம் கலைந்திருந்தால் வரலாறு ஒன்றை இழந்திருக்கும். நல்வாய்ப்பாக, ராஜேஷ்குமார் எழுந்து நின்றான்.

"தீர்மானத்துல காரணம் எழுதோணுமுங்க. 'பொய் சொன்னதால'ன்னு போட்டுக்கலாங்களா?"

"இன்னாது?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் இரண்டாம் மாடி சுந்தரமூர்த்தி. அவருடைய குடும்பம் மைசூர் மன்னராட்சியில் அரசுப்பணிக்கு வந்து வேரூன்றியது; அவர் தமிழில் கன்னடமும் கலந்தே வரும். "மோட்டார் எரிஞ்சதுக்குத்தான்பா நான் கை தூக்குனேன். பொய்யாம், பொய்! யார் வூட்ல சொல்லல? ஸ்வல்பம் யோசனை பண்ணிப் பேசு குரு."

"மோட்டார் எரியறது யாருக்கும் நடக்குமுங்க. 'மறந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்னா நாங்க மன்னிச்சிருப்போம்."

"நீ மன்னிச்சா மேல தண்ணி ஏறிடுமா?"

இவ்வாறு இரு பெருங்கட்சிகள் தோன்றின. கீழிரு தளத்துப் பழங்குடும்பங்கள் 'மோட்டார்க் கட்சி'. மேலிரு தளத்துப் புதிய இளைஞர்கள் 'பொய்க் கட்சி'. பின்னவர்கள் அப்பெயருக்காகச் சிறிதும் கூசவில்லை. இரு தரப்புக் கொள்கைகளும் ஆழமானவை. 'இயந்திரக் கோளாற்றைக் காட்டி எங்களவரைப் பொய்யர் என்று எழுதப் பார்க்கிறார்கள்' என்றனர் முன்னவர். 'கேவலம் ஒரு மோட்டாருக்காகப் பெரியவரை நீக்கிய காட்டான்கள் என்று எங்களை ஊர் சொல்லும்' என்றனர் பின்னவர். நீக்கம் பற்றி மட்டும் எவருக்கும் எவ்வித ஐயமும் இல்லை.

காரணம் எழுதப்படாத நீக்கம் செல்லுபடியாகாது என்பது விதி. ஆகவே, நீக்கப்பட்ட தலைவரே தாம் நீக்கப்பட்டதற்கான காரணத்தைக் கண்டறியும் கூட்டங்களுக்கும் தலைமை தாங்கினார். அமெரிக்காவால் இன்றுவரை எட்ட முடியாத உயரம் இது.

எரிந்த மோட்டாரோ 'சான்றுப் பொருள்' ஆயிற்று. அதைப் பழுதுபார்த்தால் மோட்டார்க் கட்சியின் சான்று அழியும். புதியது வாங்கினால் மோட்டார்தான் காரணம் என்று பொய்க் கட்சி ஒப்புக்கொண்டதாகும். எனவே அதைச் சுற்றி மஞ்சள்கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்தார்கள். நிலத்தடித் தொட்டியின் கிழக்கு விளிம்பில் ஒரு கட்சியும் மேற்கு விளிம்பில் மறு கட்சியும் வாளியை இறக்கி நீர் மொண்டன. ராஜேஷ்குமார் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை ஊசலாட, இரு கையிலும் வாளியுடன் நான்கு மாடி ஏறுவான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுந்தரமூர்த்தியைக் கண்டால் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வாதிடுவான். கொள்கைப் பிடிப்பு என்பது இதுதான்.

மூன்றாம் கூட்டத்தில் வனஜா கை தூக்கினாள். "பொய்னு எழுதுனாலும் மோட்டார்னு எழுதுனாலும் கொடத்த நாந்தானுங்க தூக்கோணும்."

இக்கருத்து எந்தக் கட்சியையும் சாராதது என்பதால் ஒழுங்குக்குப் புறம்பானது என அறிவிக்கப்பட்டது. அவளுடைய கணவனே அதை முன்மொழிந்தான்.

இதற்கிடையில் சீனிவாசராகவனின் மகள் ஸ்னேஹா, பிறந்த குழந்தையுடன் மருத்துவமனையிலிருந்து இரண்டாம் மாடியிலுள்ள தந்தை வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். குழந்தை கட்சி வேறுபாடு அறியாதது. நொடிக்கொரு துணியை நனைத்தது. வரும் ஞாயிறன்று குழந்தைக்குப் பெயர்சூட்டும் புண்யாஹவாசனம், உறவினர் வருவார்கள். ஸ்னேஹாவின் தாய் கோமளம் மாமி, வாளியும் கையுமாகப் படியேறி மூச்சுவாங்கி நின்று கணவரை நோக்கினாள்.

"ஏன்னா, பச்சைக் குழந்தை துணியை அலசத் தண்ணியில்லே. நீங்க தலைவரா இல்லையா, அதையாவது சொல்லுங்கோ."

"அதைத்தான்டி இன்னும் முடிவு பண்ணலே."

அன்று மாலைக் கூட்டத்தில் அவர் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "நான்தான் மோட்டாரை எரிச்சேன். பொய்யும் சொன்னேன். ரெண்டுமே பண்ணேன். ரெண்டையும் எழுதிண்டு என்னை விட்டுடுங்கோ. எனக்கு மோட்டாரைச் சரிபண்ணணும்."

கூட்டம் திடுக்கிட்டது.

"அதெப்படிங்க? நீக்கப்படறவரே காரணத்தச் சொன்னா நாங்க எதுக்குங்க கட்சின்னு இருக்கறது?" என்றான் ராஜேஷ்குமார்.

"கரெக்டா சொன்னப்பா," என்றார் சுந்தரமூர்த்தி, பல நாள்களில் முதன்முறையாக. உடனே தவற்றை உணர்ந்து, "ஆனா நீ சொன்ன காரணம் தப்பு," என்று திருத்திக்கொண்டார்.

ஒப்புதல் வாக்குமூலம் தள்ளுபடி செய்யப்பட்டது. அதை அறிவிக்க வேண்டிய பொறுப்பு தலைவருக்கு உரியதாகையால், அவரே அறிவித்தார்.

சனிக்கிழமை காலையில் இரு கட்சியாரும் ஜூடித் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தனித்தனி வரிசையில் அமர்ந்து, அமெரிக்கரின் கட்சி வெறியைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தனர். கீழே, சீனிவாசராகவன் மோட்டாருக்கு முன்னால் குந்தியிருந்தார். முப்பத்தைந்தாண்டு அரசுப்பணியில் அரக்கு முத்திரை ஒன்றையும் அவர் உடைத்ததில்லை.

"அறுங்கோ," என்றாள் கோமளம், நகவெட்டியை நீட்டி.

அறுத்தார். இருவருமாக மோட்டாரைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பீன்யா தொழிற்பேட்டைக்குச் சென்றனர். அங்கே ஒரு பட்டறையில் செப்புக்கம்பியால் புதுக் காயில் கட்டித் தந்தார்கள். எதனால் எரிந்தது என்று பட்டறைக்காரர் கேட்டபோது மட்டும் சீனிவாசராகவன் சற்றுத் தயங்கினார். அது தீர்ப்பு நிலுவையிலுள்ள விவகாரம் அன்றோ!

ஞாயிறு விடியற்காலையில் காவேரி கிருபாவின் குழாய்கள் முதலில் இருமின, பிறகு காறின, பிறகு பாடின. இரண்டாம் மாடியில் குழந்தையின் துணிகள் வரிசையாகக் கொடியேறின. மற்ற வீடுகளில் கதவுகள் படபடவென்று அடைபட்டன. குளியலறைகளிலிருந்து பல நாளாகக் கேட்காத ஓசைகள் எழுந்தன. ராஜேஷ்குமார் உரக்கப் பாடினான். சுந்தரமூர்த்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீரில் நெடுநேரம் நின்றார்.

அன்று பிற்பகல், புண்யாஹவாசனத்துக்கு வந்த உறவினர் விடைபெறும்முன்னரே, அவசரப் பொதுக்குழு கூடியது. சான்றுப் பொருளைக் கலைத்தல், முத்திரையை உடைத்தல், பொதுக்குழுவின் இசைவின்றித் தண்ணீர் ஏற்றுதல் ஆகிய குற்றங்களைச் சுந்தரமூர்த்தி முன்மொழிந்தார். ராஜேஷ்குமார் ஓடிவந்து வழிமொழிந்தான். இரு கட்சித் தலைவர்களும் தழுவிக்கொண்டனர். பலர் கண் கலங்கினர். வனஜா ஒருத்தி மட்டும் எழுந்து வெளியே போனாள். அது 'வருகை இன்மை' எனக் கொள்ளப்பட்டது.

இம்முறை காரணத்தில் கருத்து வேறுபாடே எழவில்லை. 'மோட்டாரைப் பழுதுபார்த்தமையால் நீக்கப்படுகிறார்' என்று தெளிவாக எழுதப்பட்டது. சீனிவாசராகவன் பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமீது வைத்துவிட்டு, பேரக்குழந்தையைத் தூக்கப் படியேறினார்.

வருங்கால வரலாற்றாசிரியர்கள் இவ்வொற்றுமையைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கட்டும். அவர்கள் ஒரு சிறு விவரத்தை மட்டும் விட்டுவிடலாகாது: தீர்மானத்தை ஆதரித்து உயர்ந்த கைகள் அத்தனையிலும் அன்று சோப்பு மணந்தது.