சீனிப் பரீட்சைக்குப் படித்தவன்

தைப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் என் மனைவி இலட்சுமி தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"வாற மாசம் முதல் சனிக்கிழமை மாத்தளைக்குப் போறோம். உங்களுக்கு ஃபுல் செக்கப்."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு எங்க இருக்குன்னும் பார்த்துச் சொல்லுவாங்களாம்."

"என்னென்ன எடுப்பாங்க?"

"ரத்தம், சிறுநீர், நெஞ்சுக்கு ஈ.சி.ஜி."

ரத்தத்தைத்தான் இத்தனை வருஷமாக நீயே எடுக்கிறாயே, லேப் எதற்கு என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. கேட்கிற வீட்டில் நான் வாழவில்லை.

அவளுடைய பயமும் எனக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் லக்கலயில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். நெஞ்சு லேசாக நோகுது என்று கதிரையில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. வாழ்நாளில் ஒரு டெஸ்டும் செய்து பார்க்காத மனிதர். அவர் போன வயதை நான் இந்த வருஷம் தொடுகிறேன். அதனால், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த வாய்க்குள் போனதெல்லாம் எனக்குத்தானே தெரியும்!

மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் எழுதுவினைஞன். பெயர் விஜயரத்தினம். பேரில் மட்டும்தான் விஜயம். காலைத் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி. பத்து மணிக்கு ஒரு கிம்புலா பணிஸ். முதலை மாதிரி நீளமாக, முதுகெல்லாம் சீனியாக இருக்குமே, அதுதான். முதலை வாயில் அகப்பட்ட மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் வாயில் அகப்பட்ட முதலைகளுக்குக் கணக்கே கிடையாது.

இப்படிப்பட்டவனுடைய ரத்தத்தை எடுத்தால் ஊசியில் சீனிப் பாணிதான் வரும். அதை இலட்சுமி பார்த்தால்?

பக்கத்து வீட்டு ரவூப் நானாவிடம் போனேன். பல்லேபொல சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவர். என்னைவிட மூத்தவர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு குறுக்குப் பாதை உண்டு. முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கா தம்பி முகம் வாடிக் கிடக்கு? டெஸ்டுக்கு முந்தி ரெண்டு கிழமை வாயக் கட்டுங்க. கொஞ்சம் நடங்க. சீனி தானா இறங்கிரும். டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே கட்ட அவுத்து விட்டுருங்க."

"அது ஏமாத்து வேலை இல்லையா நானா?"

"யார ஏமாத்துறீங்க? மெஷினத்தானே! மெஷினுக்குப் பாவ புண்ணியம் தெரியுமா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்து, பாஸ் பண்ணி, உத்தியோகத்துக்கு வந்தவன் நான். சீனிப் பரீட்சை மட்டும் என்ன கொம்பா?

ஆனால் ஒன்று. இது இலட்சுமிக்குத் தெரியக் கூடாது. என்னால் வாயைக் கட்ட முடியும் என்று தெரிந்துவிட்டால், பிறகு அவிழ்க்கவே விடமாட்டாள்.

அன்றே விரதம் தொடங்கியது. காலைத் தேநீரை அவள் குசினிக்குள் திரும்பியதும் விறாந்தையிலிருந்த அந்தூரியம் சட்டியில் ஊற்றினேன். மதியத்துக்குக் கட்டித் தந்த சோற்றுப் பார்சலில் பாதியைச் சந்தியில் ரவூப் நானாவிடம் கொடுத்தேன். "வேணாம் தம்பி, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவுவார். பின்னேரம் பஸ்ஸை விட்டு முன்கூட்டியே இறங்கி நடந்தேன்.

"ஏன் லேட்?" என்பாள்.

"பஸ் லேட்."

"பஸ் லேட்டானா உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"பஸ்ஸுக்காகக் கவலைப்பட்டேன்."

அலுவலகத்தில் பத்து மணிக்கு பணிஸ்காரன் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூக்கை மூட முடியாதே! ஒரு நாள் கோப்பு ஒன்றில் 'பணிப்பாளர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பணிஸ்பாளர்' என்று எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு வழியாக அந்தச் சனிக்கிழமை வந்தது. குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றோடு வாசலில் நின்றேன். வா ராசா வா, ஊசியே வா!

இலட்சுமி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"லேப்ல மெஷின் பழுதாம். கொழும்புல இருந்து சாமான் வரணுமாம்."

"எப்ப வரும்?"

"ரெண்டு கிழமையாவது ஆகும். அதுக்கென்ன, நீங்க கல்லு மாதிரிதானே இருக்கீங்க?"

படித்து முடித்த பரீட்சையைப் பின்போட்டால் மாணவன் என்ன செய்வான்? படித்ததை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். மறுபடியும் அந்தூரியம், மறுபடியும் ரவூப் நானா, மறுபடியும் நடை.

அடுத்த தவணை மாசி மகத்தோடு முட்டியது.

"தேர்த் திருவிழா நேரம் மாத்தளை டவுனுக்குள்ள கால் வைக்க ஏலாது. முடியட்டும்" என்றாள்.

தேர் நிலைக்கு வந்தது. நான் நிலைகுலைந்தேன். ஏனென்றால் அதற்குப் பிறகு, ஈ.சி.ஜி. எடுக்கிற மிஸ்ஸி லீவில் போய்விட்டாளாம். அவள் வந்ததும் இலட்சுமிக்குத் தடிமன், ஓயாத தும்மல். இப்படியே பங்குனியும் போனது. என் காற்சட்டையும் போனது. அதாவது, இடுப்பில் நிற்காமல் கீழே போனது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன்.

"ஏங்க, மெலிஞ்ச மாதிரி இருக்கு?"

"காற்சட்டை பெருத்துப் போச்சு."

கடைசியில் உறுதியாக ஒரு நாள் குறித்தாள். எந்த நாள் தெரியுமா? சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு!

அந்தப் புத்தாண்டைப் போல ஒரு சோதனை என் எதிரிக்கும் வரக் கூடாது. குசினியில் கொக்கிஸ் பலகாரம் எண்ணெயில் பொரிந்தது. முன் வீட்டுச் சிங்களக் குடும்பம் தட்டு நிறையக் கொண்டைப் பணியாரமும் பாற்சோறும் அனுப்பியது. மேசை மேல் வாழைப்பழச் சீப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஒரு கொக்கிஸ் எடுங்களேன்" என்றாள் இலட்சுமி.

"வயிறு சரியில்ல."

"பாற்சோறாவது?"

"பல்லு நோவுது."

"பாற்சோத்துக்குப் பல்லு எதுக்கு?"

தட்டோடு எழும்பிப் போய் ரவூப் நானாவின் வேலியோரம் நின்றேன். தட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணீரை அடக்கிக்கொண்டேன். அவர் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை.

பரீட்சை நாள் வந்தது. ரவூப் நானாவின் த்ரீவீலில்தான் போனோம். அவர் மனைவி மஸீனாவும் ஏறினாள். "சும்மாதான் வாறேன்" என்று சொன்னவள், லேபுக்கு உள்ளே போனதும் கணவரையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். நானாவின் முகத்தில் ஈயாடவில்லை.

முதலில் ஒரு சின்னப் போத்தலைக் கையில் தந்து அறையைக் காட்டினார்கள். மாத்தளை முழுக்கக் காத்திருக்கிறது என்று நினைத்தால் ஒரு சொட்டு வருமா? சலம் வரவில்லை. சலனம்தான் வந்தது.

"இன்னும் இல்லையா?" கதவுக்கு வெளியே இலட்சுமி.

"நீ நிக்கிறாய்னு அது வெட்கப்படுது!"

வெளியே யாரோ சிரித்தார்கள். பிறகு ஈ.சி.ஜி. கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சிலும் கைகாலிலும் வயர்களை மாட்டினாள் நிஷ்மியா என்ற மிஸ்ஸி.

"அசையாதீங்க ஐயா. பேசாதீங்க."

"பழக்கம்தான் மிஸ்ஸி. கல்யாணமானதில இருந்து அப்படித்தான்."

கடைசியாக ரத்தம். ஊசி ஏறும்போது பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினேன். எடுங்கள், தாயே! சுத்தமான ரத்தம்! இரண்டு குப்பிகளில் எடுத்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒன்னு இன்னிக்குச் சீனி. மத்தது மூணு மாசச் சீனி."

"அதென்ன மூணு மாசம்?"

"சில பேர் டெஸ்டுக்கு முந்தி ஒரு கிழமை, ரெண்டு கிழமை பட்டினி கிடந்துட்டு வந்துருவாங்க ஐயா. அன்னிக்குச் சீனி நல்லாக் காட்டும். இந்த டெஸ்டுல அது பலிக்காது. மூணு மாசமா எப்படி இருந்தாங்கன்னு சராசரி சொல்லிரும்."

அப்படியென்றால் அன்றைக்கு மெஷின் பழுதாகாமல் இருந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்! மெஷின் கடவுளே, காப்பாற்றினாயே!

மறுநாள் பின்னேரம் டொக்டர் முடிவைப் பார்த்துச் சொன்னார். சீனி நல்லது. மூணு மாசச் சீனியும் நல்லது. கொழுப்பு கொஞ்சம் எல்லையில் நிற்கிறது, பரவாயில்லை. ஈ.சி.ஜி. சுத்தம். அடுத்து ரவூப் நானா. சீனி ஏறி நின்றது. மஸீனா இடுப்பில் கை வைத்தாள்.

"வீட்டுல நான் அளந்துதானே போடுறேன்? இது எங்கேருந்து வந்துச்சு?"

நானா விரலால் என்னைக் காட்டினார். "அவர்ட சோத்துப் பார்சல். மூணு மாசமா."

செத்தேன் என்று இலட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திடுக்கிடவேயில்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"அந்தூரியம் சட்டிக்கு எறும்பு ஊர்வலமா வந்தா தெரியாதா? உங்க சப்பாத்து அடி தேஞ்சா தெரியாதா?"

"பிறகு ஏன் பேசாம இருந்தே?"

"பேசித்தானே பார்த்தேன், அண்ணன் போன நாள்ல இருந்து! சீனியக் குறைங்கன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நோய்க்குப் பயப்படுற ஆளா நீங்க? பரீட்சைக்குத்தான் பயம். அதான் பரீட்சை வச்சேன்."

"அப்ப அந்த மெஷின்?"

"எந்த மெஷின்?"

"பழுதாப் போச்சே..."

"நான் லேபுக்குப் போன் எடுத்ததே போன கிழமைதான்."

ஒவ்வொரு தவணையாக விரல் விட்டு எண்ணினேன். மெஷின், மிஸ்ஸியின் லீவு, தடிமன், எல்லாம் பொய். தேர்த் திருவிழா மட்டும்தான் உண்மை. அதையும் அம்மன் புண்ணியத்தில் அவள் ஏற்பாடு செய்யவில்லை.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம் ஒருவனைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்ப்பதா? சத்தம் போடத்தான் திரும்பினேன். அவள் என் ஈ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மேடு பள்ளக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. சத்தத்தை மறந்து அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டேன்.

இருந்தாலும் ஆண்பிள்ளை இல்லையா? வெளியே வந்ததும் பக்கத்துத் தேநீர்க் கடைக்குள் நிமிர்ந்து நுழைந்தேன்.

"பரீட்சை முடிஞ்சது. பாஸ். இனி நான் சுதந்திர மனுஷன். என் இஷ்டப்படிதான் குடிப்பேன்!"

"தாராளமாக் குடிங்க" என்றாள் இலட்சுமி, எதிர்க் கதிரையில் உட்கார்ந்து. "அடுத்த டெஸ்டுக்கும் சொல்லி வைக்கப் போறேன்."

"எப்ப?"

"தேதி சொன்னா அதுக்கு முந்தின கிழமைதானே படிப்பீங்க?"

கடைக்காரர் வந்தார். "ஐயாவுக்கு பிளேன்டீயா? சீனி எத்தனை கரண்டி?"

"சீனி வேணாம்" என்று உடனே ஒரு குரல் கேட்டது.

கோபத்தோடு இலட்சுமியை முறைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை. சொன்னது நான்தான்.